கூடுள்ள கிற்றாரும் ஒரு பொன்னாடையும்

இந்த விடயம் நடப்பதற்கு முன்னர் ஊரில் எனக்கிருந்த இடத்தைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பித்துப் பிரதி அதிபராக ஓய்வு பெற்றவன் நான். கல்லூரி நாட்களில் எங்கள் மேற்கத்திய இசைக்குழுவின் முதன்மைக் கிற்றார் என் கையில்தான் இருந்தது. வாசிகசாலைக்குள் நான் நுழைந்தால் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்து இடம் தருவார்கள். என் வாசிப்பில் எவரும் குறை கண்டதில்லை. கண்டிருந்தாலும் என் காதுபடச் சொன்னதில்லை.

அந்தப் பழைய மின் கிற்றார் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் உடல் உள்ளே வெறும் கூடு. முன்பலகை வயலினுடையதைப் போல மெல்லியதாய், நடுவில் சற்றே புடைத்திருக்கும்; இருபுறமும் நீண்டு வளைந்த துளைகள். கழுத்து பசையால் ஒட்டப்பட்டது. தந்திகளைத் தாங்கும் பாலத்தை எந்த ஆணியும் பிடித்திருக்கவில்லை. தந்திகளின் இழுவையே அதைப் பலகையோடு அழுத்தி நிறுத்துகிறது. தந்திகளின் கீழே காந்தச் சுருள் உண்டு. ஆயினும் வயரைக் கழற்றிவிட்டு வாசித்தாலும் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தங்கையின் மகன் கொண்டுவந்தது வேறு இனம். அதுவும் பழையதுதான், ஆனால் முழுப் பலகை. துளை இல்லை, கூடு இல்லை. கழுத்தும் பாலமும் திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தன. மின்சாரம் இல்லாமல் தட்டினால் நுளம்பின் ரீங்காரம். மடியில் வைத்தால் அம்மியின் பாரம்.

"மாமா, வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு என்ரையை வாசியுங்கோ. உங்கடை கிற்றார் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலை கத்தும்" என்றான்.

"அது தானாய்க் கத்தாது. பெட்டியை அதுக்கு நேரை கொண்டுவந்து வைக்கிறவன்தான் கத்த வைப்பான்."

"அப்ப அவனுக்குச் சொல்லுங்கோ. என்ரை இங்கையே இருக்கட்டும். நான் போயிட்டு வாறன்."

அவன் கனடாவுக்குத் திரும்பிய பின்னரே விழா வந்தது. கொடிகாமத்து ஒலிபெருக்கிக்காரரை முன்கூட்டியே அழைத்து, காரணத்தோடு விளக்கினேன். பெட்டியின் ஒலி முழுப் பலகையை அசைக்காது. அதன் பாரம் விடாது. என்னுடையதிலோ மெல்லிய முன்பலகை அந்த ஒலியில் அதிரும். அது தந்திகளை அதிரச் செய்யும். சுருள் அதை வாங்கி மறுபடியும் பெட்டிக்கே அனுப்பும். சுற்றச் சுற்றப் பெருத்து ஊளையாகிவிடும். ஆகவே பெட்டி பக்கவாட்டில் நிற்க வேண்டும், என்னைப் பார்க்கக் கூடாது.

"ஓம் சேர், ஓம் சேர்" என்றார்.

விழாவன்று பெட்டி என் முதுகுக்குப் பின்னால், என்னைப் பார்த்தபடியே நின்றது.

"வயர் அவ்வளவுதான் சேர் எட்டும்."

மெதுவான ஒரு மெட்டைத் தொடங்கினேன். முதல் அடி சரியாகவே போனது. நீண்டு நிற்க வேண்டிய சுரத்தில் ஊளை கிளம்பியது. முன்வரிசையில் காதைப் பொத்தினார்கள்.

"கிழவருக்குக் கை நடுங்குது போலை."

"உந்த வயசிலை உவருக்கு ஏன் உந்த வேலை?"

ஒலிபெருக்கிக்காரர் குனிந்து வந்து, "சேர், கையை ஆட்டாமல் பிடியுங்கோ" என்றார். பெட்டியை அங்கே வைத்தவர் எனக்குச் சொன்ன புத்திமதி அது!

ஒலிக் குமிழைத் திருகி மூடினேன். மண்டபம் அமைதியானது. அந்த அமைதியை முடிவென்று எடுத்துக்கொண்டார் விழாத் தலைவர். கல்லூரியில் எனக்கு இளையவர். பொன்னாடையோடு விரைந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அண்ணை இவ்வளவு வாசிச்சதே பெரிய காரியம். எல்லாரும் கைதட்டுங்கோ!"

தோளில் பொன்னாடை விழுந்தது. பேச்சை முடிக்கத் தெரியாதவரை மேடையிலிருந்து மரியாதையாக இறக்குவதற்கு இங்கு வைத்திருக்கும் வழி அதுவே என்பது எனக்குத் தெரியாததல்ல.

"நான் இன்னும் முடிக்கேல்லை" என்றேன்.

"காணும் அண்ணை, களைச்சுப்போனியள்."

"தம்பி, நீர் போய் இரும்."

எழுந்து போயிருந்தால் நடுங்கும் கையோடு இறங்கியவன் என்ற பெயரே எனக்கு நிலைத்திருக்கும். பொன்னாடையை எடுத்தேன். ஒரு துளையினுள் அதை விரலால் சிறிது சிறிதாகத் தள்ளினேன். எஞ்சியதைத் தந்திகளின் கீழாகக் கொண்டுபோய் மற்றத் துளையில் அடைத்தேன். உள்ளே துணி நிறைந்தால் கூட்டினுள் இருக்கும் காற்று அடங்கும், முன்பலகையின் அதிர்வும் தணியும். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான் அவசரப்படவில்லை. குமிழைத் திறந்து மெட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். ஊளை வரவில்லை. இனிமையில் ஒரு பங்கு குறைந்தது, அதை மறைக்கமாட்டேன்.

யாரோ கைத்தொலைபேசியில் பிடித்த காட்சி ஊளையில் தொடங்கி, நான் துணியைத் திணிக்கும் இடத்தில் முடிகிறது. வாசித்த மெட்டு அதில் இல்லை. ஊரும் வெளிநாடும் பார்த்தது அவ்வளவைத்தான். மறுநாளே மருமகன் அழைத்தான்.

"மாமா, பொன்னாடையாலை கிற்றாரைத் துடைச்சனீங்களாம்? எறிஞ்சதெண்டும் கதைக்கினம்."

"பிறகு வாசிச்சதைப் பாத்தியோ?"

"அது வீடியோவிலை இல்லையே மாமா. பேசாமல் என்ரையை எடுத்திருக்கலாம்."

தலைவரின் வீட்டுக்கே சென்று முன்பலகையையும் சுருளையும் பெட்டியையும் பற்றி விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்கடை கோவம் எனக்கு விளங்குது அண்ணை, விடுங்கோ" என்றார். கோபத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரரோ தன் வயரின் நீளத்தைத் தவிர வேறெதையும் பேச மறுத்துவிட்டார். வாசிகசாலையில் இப்போது நான் நுழைந்தால் பத்திரிகைகள் முகத்துக்கு நேரே உயர்கின்றன. எவரும் எழுவதில்லை.

ஆகவே எழுதி வைக்கிறேன். என் கை நடுங்கவில்லை. பொன்னாடையை நான் எறியவில்லை, அதனால் எதையும் துடைக்கவும் இல்லை. அது கிற்றாருக்குள் இருக்கிறது. அதன் சரிகைக் கரை உள்ளே ஒரு மரச்சட்டத்தில் சிக்கியிருப்பதால் வெளியே எடுக்க முடியவில்லை.