கிழக்குச் சுவரில் இருந்த கல்

தொண்ணூற்றேழில் எனக்குத் திருமணமானது. பிறந்த வீடு செம்மேட்டுப் பக்கம், வாழ வந்தது அதே மலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்துக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். கல்லை மண் சாந்து வைத்து அடுக்கி, மேலே சிமெண்டு பூசிய சுவர்கள். ஓட்டுக் கூரை. மாமனார் தன் கையாலேயே கட்டிய வீடு. நான் வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். வீட்டில் அத்தை, என் கணவர், நான், மூன்றே பேர்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்ததும் கிழக்குச் சுவர் கசிந்தது. காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்திருந்த ஈரம், மாலைக்குள் தரைவரை இறங்கிவிட்டது. தொட்டால் பூச்சு மணலாக உதிர்ந்தது. அத்தை அந்தச் சுவரை ஒட்டித்தான் படுப்பார். பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு, கிழிந்த சேலை ஒன்றைச் சுருட்டிச் சுவரோரம் அணைகட்டி வைப்பார். அடுப்படிக்குப் பக்கத்தில் வந்து படுங்கள், அங்கே சூடாக இருக்கும் என்று கூப்பிட்டேன். பழகிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார்.

தை மாதம் மழை ஓய்ந்ததும் என் கணவர் உள்பக்கப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்டு பூசினார். வழவழவென்று இருந்தது. போகிற வருகிற போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அடுத்த ஐப்பசியில் புதுப் பூச்சுக்கு மேலே, அதே இடத்தில் ஈரம் வந்து நின்றது. பிறகு காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தோம். கூரையில்தான் கோளாறு என்று அவர் சில ஓடுகளை மாற்றினார். வெளிச்சுவர் முழுக்கச் சிமெண்டுப் பால் அடித்தார். அதுவும் ஒரு மழைக்குத்தான் தாங்கியது. வேலை நடக்கும்போதெல்லாம் அத்தை டீ வைத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கு இதில் அக்கறை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மழைக்காலத்தில் நான் ஐந்து மாதம். வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்து அத்தை என்னை ஊற்றுக்கு அனுப்புவதில்லை. குடத்தைத் தொட்டாலே பிடுங்கிக்கொள்வார். ஒரு மத்தியானம் நல்ல மழை. வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குட்டி கத்தவே, சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு போனேன். குட்டியை அவிழ்க்கும்போது கிழக்குச் சுவரைப் பார்த்தேன்.

அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில், தோளுயரத்தில், ஒரு தட்டைக் கல் நீட்டிக்கொண்டிருக்கும். ஊற்றிலிருந்து தலையில் குடம் சுமந்து வருகிறவர்கள், இன்னொருவர் கை கொடுக்காமலே அதன்மேல் குடத்தை இறக்கிக்கொள்ளலாம். வந்த நாள் முதல் நானும் அதில்தான் இறக்கிவந்தேன். அன்றைக்கு அந்தக் கல்மேல் விழுந்த மழைத் தண்ணீர் வெளியே வழியவில்லை. சுவரைப் பார்த்து ஓடியது. கல்லும் சுவரும் சேரும் இடத்தில் குமிழி விட்டுக்கொண்டே உள்ளே போய்க்கொண்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். விரல் முழுசாக உள்ளே போனது.

சாப்பிடும்போது சொன்னேன். என் கணவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா, மழை விட்டதும் கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடைத்துவிடலாம் என்றார். களியைப் போட்டுக்கொண்டிருந்த அத்தை, அகப்பையைச் சட்டியிலேயே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். என் கணவர் அதைக் கவனிக்கவில்லை. நான் எழுந்து போனேன். அத்தை மரவள்ளிக் கிழங்கை எடுத்துவைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். அது நாளைக்கு வேகவைக்க வேண்டிய கிழங்கு.

"எனக்கு மொதல்லயே தெரியும் கண்ணு" என்றார், தலை நிமிராமல். "தண்ணி அந்தக் கல்லு வழியாத்தான் வருதுன்னு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார்.

என் கணவர் பிறப்பதற்கு முந்தி அத்தை ஒரு குழந்தையைச் சுமந்திருந்தார். ஏழாம் மாதம். மாமனார் செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். அத்தை ஊற்றிலிருந்து குடத்தோடு வந்தார். இறக்கிவிட யாரும் இல்லை. தானே குனிந்து இறக்கும்போது வாசல் ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது. குழந்தை தங்கவில்லை. சந்தையிலிருந்து திரும்பிய மாமனார் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஓடைக் கரையில் கிடந்த ஒரு பாறைப் பலகையை நெம்பி எடுத்து, ஆட்களோடு தூக்கிக்கொண்டு வந்தார். நன்றாக இருந்த சுவரை உடைத்து, அத்தையைப் பக்கத்தில் நிற்கவைத்துத் தோளுக்கு அளந்து, அதைச் சொருகினார்.

"ஆறுதலா ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன் கண்ணு. கல்லக் கொண்டாந்து வெச்சாரு" என்றார் அத்தை. "நான் இருக்கற மட்டும் அது இருந்துட்டுப் போவட்டும்னு இருந்தேன்."

ஒரு கிழங்கை எடுத்து நானும் உரித்தேன். உங்கள் மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் சொல்லட்டுமா என்றதற்குக் கொஞ்சம் யோசித்துச் சரி என்று தலையசைத்தார்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெளியே போனார். உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் கல்மேல் போர்த்தி, நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்தார். அதற்குமேல் அந்த வருட மழையில் கல்லைப் பிடுங்குவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆனால் மலைக் காற்றுக்குப் பிளாஸ்டிக் எம்மாத்திரம். கிழிந்து பறக்கும், மறுபடி கட்டுவார். கார்த்திகைக் கடைசியில் சுவர் உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில், அத்தை ஆட்டைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், பெரிய பூச்சுக் கட்டி ஒன்று பெயர்ந்து அவருடைய பாய்மேல் விழுந்தது.

அத்தை வந்து பார்த்தார். பாயை உதறிச் சுருட்டி வைத்தார். பிறகு மகனிடம் சொன்னார்: "எடுத்துரு சாமி. கொழந்தை வரப்போற ஊடு."

தை பிறந்து சுவர் நன்றாகக் காய்ந்தபின் வேலையைத் தொடங்கினார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் துணைக்கு வந்திருந்தார். கடப்பாரை போடும்போது அத்தை எங்காவது போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கல்லுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டு நின்றார். மேலே விழுந்துவிடும், தள்ளிப் போ என்று மகன் பல தடவை சொன்னபிறகுதான் விலகினார். கல் வெளியே வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததைவிடச் சுவருக்குள் இருந்த பாகம்தான் பெரிது. உள்ளே மண் சாந்தெல்லாம் கரைந்து ஓடி, பொந்தாக இருந்தது. என் கணவர் கையை விட்டுப் பார்த்தார், முழங்கை வரை போனது. இன்னொரு மழைக்குச் சுவர் நின்றிருக்காது.

பொந்தில் சில்லுக் கல்லை நெருக்கி அடுக்கிச் சிமெண்டு கலவையால் அடைத்தார்கள். கலவை போட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் மண்வெட்டியை நிறுத்தாமலே கேட்டார்.

"ஏம்மா, அது என்ன கொழந்தை?"

"பொட்டப்புள்ள" என்றார் அத்தை. "உனக்கு அக்கா."

என் கணவர் கலவை நன்றாகக் கலந்தபிறகும் அதையே புரட்டிக்கொண்டிருந்தார். துணைக்கு வந்தவர் கலவைத் தட்டை நீட்டியபடி பொறுமையாக நின்றார்.

கல்லை எறிகிற பேச்சே எழவில்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு கல் தூண் நட்டு, அதன்மேல் அதைக் கிடத்துவது என்று என் கணவர் முடிவு செய்திருந்தார். அப்படியென்றால் அதில் விழும் தண்ணீர் சுவரைத் தொடாது. குழி எடுத்துத் தூணை நிறுத்திவிட்டு, உயரம் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டார். அத்தை வந்து தூண் பக்கத்தில் நின்றார். என் கணவர் அத்தையின் தோளுக்கு நேராகக் கரிக்கட்டையால் கோடு போடப் போனார்.

"இரு" என்றார் அத்தை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ற உசரத்துக்கு எதுக்கு? இனிமே தண்ணி கொண்டாரவ அவதான. அவ தோளுக்கு வெய்யி."

நான் அத்தையைவிட அரைத் தலை உயரம். "நீங்களுந்தானுங்க அத்தை தூக்கறீங்க" என்றேன்.

"நான் எக்கி வெச்சுக்கறேன். வா கண்ணு, வந்து நில்லு."

போய் நின்றேன். அத்தை என் தோளில் கையை வைத்து, இங்கே என்று மகனுக்குக் காட்டினார். கையில் சிமெண்டுக் கலவை ஒட்டியிருந்தது. மகன் கோடு போட்டு முடித்தபிறகும் அத்தை கையை எடுக்கவில்லை.

மாசியில் தாய்வீட்டில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. வைகாசியில் திரும்பி வந்தபோது, கல்லுக்குக் கீழே ஏறி நிற்க ஒரு படிக்கல் போடப்பட்டிருந்தது. அத்தை ஒவ்வொரு குடத்துக்கும் எக்குவதைப் பார்த்துவிட்டு என் கணவர் போட்டது.

ஐப்பசியில் மழை வந்தது. என் கணவர் காட்டுக்குப் போகாமல் கிழக்குச் சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்கப் பெய்தது. சுவர் அப்படியே இருந்தது. மறுநாள் ஜன்னல் மூலையில் விரல் நீளத்துக்கு ஈரம் தெரிந்தபோது, என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஜன்னல் சட்டத்தின் கீழே இருந்த விரிசல், அவ்வளவுதான். வெயில் வந்த அன்றைக்கு ஒரு கரண்டிக் கலவையில் அது சரியாகிவிட்டது.

"போயி ஆட்டுக்குத் தழ ஒடிச்சாந்து போடு. செவுத்தயே பாத்துட்டு உக்காந்திருக்கறான்" என்று அத்தை மகனை விரட்டினார். தூளி கட்டுவதற்கு அந்தச் சுவரோரத்தையே காட்டியதும் அவர்தான். பொங்கலுக்குத் தன் கையாலேயே சுண்ணாம்பு கரைத்து உள்ளும் புறமும் அடித்தார். கால்வரை சேலையெல்லாம் வெள்ளையாகிப்போனது. குழந்தை தூளிக்குள் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சுண்ணாம்பு அடுத்த மழைக்காலம் முடிந்தும் உதிரவில்லை.