யார் மனமும் நோகாத வீடு

நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடைசியாக நீளமாக எழுதியது, லீவு கேட்டுத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் கொடுத்த கடிதம். அதையும் அவர் திருத்தித்தான் வாங்கிக்கொண்டார். கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை ரசம் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வருகிறவன். இப்படிப்பட்டவனுக்கு எழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான்.

ஆனால் அந்தத் தொடர் வெளிவந்ததிலிருந்து ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். உங்கள் தேயிலைத் தோட்டத்தில்தானே எடுத்தார்கள், எங்கே தோட்டத்தையே காணோம் என்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் போனில் விளக்கம் சொல்வது எனக்குப் பெரிய வேதனை. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பனி வருகிறது. ஒரு பெண் ஜன்னல் ஓரத்தில் தேநீர் குடிக்கிறாள். பனி போகிறது. முதல் பகுதி முடிகிறது. மற்றப் பகுதிகளில் பனி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

எடுக்க வந்தபோது கதை இப்படி இல்லை. எடுக்க வந்த டைரக்டர் கோலாலம்பூர்ப் பையன், நம் ஆள். அவர் எழுதிக்கொண்டு வந்த கதையில் ஒரு தோட்டத்துப் பெண் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். மற்றவர்கள் வேலைக்குப் போகாமல் அவளோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்தக் கதைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வீடு எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. அதில் இருந்த அக்காவுக்கும் அப்போதுதான் வயதாகி வேலை நின்றிருந்தது. வேலை நின்றால் வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்பது தோட்டத்து விதி. அவர் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ரிங்லெட்டில் கட்டுகிற மலிவு விலை அடுக்குமாடியில் அவருக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். சாவி வரும் வரும் என்றார்கள், வரவில்லை. சாவி வருகிற வரைக்கும் லைன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

படம் பிடிக்கிற கம்பெனி அந்த வீட்டைக் கேட்டதும் மேனேஜருக்கு, நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம், சந்தோஷம். படப்பிடிப்பு முடிகிற வரை அந்த அம்மாள் இருக்கட்டும், வீடு பார்க்க உயிரோடு இருக்கும் என்றார். இப்படியாக அக்காவின் கூரை அந்தத் தொடரின் மேல் வந்து உட்கார்ந்தது.

தொடருக்குப் பணம் போட்ட கம்பெனி போனும் கணினியும் செய்து விற்கிற கம்பெனி. அதோடு படமும் காட்டுகிறது. தலைமை ஆபீஸ் வேறு நாட்டில். நாங்கள் விழித்திருக்கும்போது அவர்கள் தூங்குவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான், உலகத்தில் எந்த நாட்டிலும் எந்தக் கட்சிக்காரனும் எந்த மதத்துக்காரனும் கோபப்பட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. அதைக் கவனிப்பதற்கென்றே ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நல்ல பிள்ளை. பிரிஞ்சாங் ஹோட்டலிலிருந்து தினமும் காலையில் நனைந்துகொண்டே வந்துவிடும். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. அக்கா அவளுக்கு 'நோகாத மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். லைன் முழுக்க அதே பெயர்தான்.

உள்ளூர் ஆள் ஒருவரைக் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய சட்டமாம். துரை என்னைக் காட்டினார். அடுத்த வீட்டுக்காரன், கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், வாயைத் திறக்க மாட்டான், தொந்தரவு இல்லை என்று சொல்லிக் கொடுத்தார். என் வேலை, மிஸ் கேட்கிறபோது பதில் சொல்வது. அவள் கேட்பதும் ஒரே கேள்விதான்.

"அங்கிள், இதப் பார்த்தா யார் மனசாவது நோகுமா?"

இங்கே எங்கள் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே இருக்கிறவர் கேள்வி கேட்டால் நாங்கள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். ஆமாம் என்றால் அது நம் தலையில் விழும். இல்லை என்றால் திமிர் என்பார்கள். அதனால் 'பார்க்கலாங்க' என்போம். இன்றைக்கு மழை வருமா, பார்க்கலாங்க. லாரி ஓடுமா, பார்க்கலாங்க. துரைக்கு அது புரியும், கிராணிக்கும் புரியும். மிஸ்ஸுக்கு அது பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. நான் பார்க்கலாங்க என்றதும் அவள் முகம் வெளுத்துவிடும். உடனே கேமராவை நிறுத்தித் தலைமை ஆபீசுக்கு எழுதுவாள். அங்கே விடிந்து, அவர்கள் கூடிப் பேசி, பதில் வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அதுவரை எல்லோரும் உட்கார்ந்து மேகி சாப்பிடுவார்கள்.

முதலில் போனது சாமி மேடை. படங்களை எடுத்துவிட்டார்கள். வெறும் சுவரைப் பார்த்தால் மதம் மாறிய வீடு மாதிரி இருக்கிறதே என்று மறுநாள் பதில் வந்தது. மளிகைக் கடைக் காலண்டரை மாட்டினார்கள். அதில் எல்லா மதத்துப் பண்டிகையும் இருந்தது, ஆனால் எழுத்து ஒரே அளவில் இல்லை. கடைசியில் ஒரு கடிகாரம் மாட்டினார்கள். அது ஓடக்கூடாது என்றார்கள், ஏன் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"நீ என்னதான் சொன்னே அந்தப் பிள்ளைகிட்ட?"

"ஒண்ணும் சொல்லலக்கா. பார்க்கலாங்கன்னேன்."

"அதுக்கே ஒரு நாள் போயிருச்சா?"

அக்கா அடுப்பைத் தணித்தார். பிறகு, "அப்ப அதையே சொல்லு தம்பி. புதுசா எதையும் கத்துக்காதே" என்றார்.

அதற்குப் பிறகு அக்காவும் உதவிக்கு வந்தார். காலையில் மிஸ்ஸுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுக்கும்போது சும்மா ஒரு சந்தேகம் கேட்பார். நடிகை பிடித்திருந்த மஞ்சள் குடையைப் பார்த்து, "கலரு பரவாயில்லையாம்மா?" என்றார் ஒருநாள். அவ்வளவுதான் கேட்டார். இந்த நாட்டில் மஞ்சள் நிறம் எந்தெந்தப் போராட்டத்துக்குப் போகும் என்று மிஸ் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் குடையைத் தானே மடக்கி வைத்துவிட்டாள். பச்சைக் குடை வந்தது. அதற்கும் ஒரு கட்சி இருந்தது. நீலம், சிவப்பு, வெள்ளை எல்லாவற்றுக்கும் இருந்தது. கடைசியில் நடிகை நனைந்தாள். கொடியில் காய்கிற துணிக்கும் அதே கதி. அக்கா தன் புடவையை எதற்குப் பக்கத்தில் காயப்போட்டாலும் ஏதாவது ஒரு கொடியாகிவிட்டது.

கறி சமைக்கிற காட்சியில், அது என்ன கறி என்று அக்கா கேட்டார். உருளைக்கிழங்கானது. அப்புறம் கொழுந்து வெட்டுகிற காட்சி. எங்கள் மலையில் இப்போது மெஷினைத் தூக்கிக்கொண்டு வெட்டுகிறவர்களில் முக்கால்வாசி வெளிநாட்டுப் பிள்ளைகள். அவர்களைக் காட்டினால் அவர்கள் நாட்டுக்குக் கோபம் வருமாம். நம் ஆட்களைக் காட்டினால், இவர்கள் ஏன் இன்னும் இதே வேலையில் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்பார்களாம். யாரையும் காட்டாமல் எடுத்தார்கள். தேயிலை தானாகவே போய்க் கோப்பையில் விழுகிற மாதிரி வந்திருக்கிறது. அதைப் பார்த்த என் கூட்டாளிகள், அந்த ரகத்தை நம் தோட்டத்திலும் நட்டால் முதுகுவலி மிச்சம் என்றார்கள்.

கதையில் வருகிற துரை முதலில் கெட்டவராக இருந்தார். பிறகு நல்லவரானார். பிறகு போனில் மட்டும் பேசினார். பிறகு போனும் எடுக்கவில்லை. அதைத்தான் எங்கள் துரை வந்து பார்த்துவிட்டு, ரொம்ப எதார்த்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

எல்லோரும் வேலைக்குப் போகாமல் உட்கார்கிற காட்சிக்கு லைன் ஆட்கள் அத்தனை பேரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தோம். தலைமை ஆபீஸ் அதைத் தேநீர் விழா என்று மாற்றச் சொன்னது. உட்கார்ந்திருந்த எங்களை எழுந்து சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தோம். நாங்கள் சிரித்தது மிரட்டுவது மாதிரி இருக்கிறது என்று வெட்டிவிட்டார்கள்.

இப்படியே வாரங்கள் போயின. ரிங்லெட்டிலிருந்து சாவி வரவில்லை. ஆனால் அக்காவின் கூரையும் போகவில்லை. அவர் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து, இன்றைக்கு எதைக் கேட்கலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். ஆபத்தில்லாத சாமான் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் டைரக்டர் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, உங்க கதையில அந்தப் பொம்பளை கடைசியில என்ன ஆவா?"

"மொதல்ல எழுதுனதுலயா ஆன்ட்டி, இப்ப இருக்கறதுலயா?"

"மொதல்ல."

"வீட்ட விட்டுப் போகமாட்டா."

"இப்ப?"

"இப்ப அவளுக்கு வீடே இல்ல. டூரிஸ்ட்டு."

அக்கா உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே தலைமை ஆபீசிலிருந்து கடைசிப் பதில் வந்தது. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் படத்தில் ஏதோ ஒன்று உறுத்துகிறதாம். கூடிப் பேசி என்னவென்று கண்டுபிடித்துவிட்டார்கள். வீடுதான். இப்படி ஒரு வீட்டைக் காட்டினால், இதில் யார் இருக்கிறார்கள், ஏன் இப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் கேட்பார்களாம். கோலாலம்பூரில் ஸ்டுடியோவுக்குள் சுத்தமான வீடு ஒன்று கட்டி மிச்சத்தை எடுங்கள், ஆனால் பார்க்க உண்மையாக இருக்க வேண்டும், பழைய பலகையையும் கதவு ஜன்னலையும் கொண்டுபோய்ப் பொருத்துங்கள் என்று உத்தரவு.

துரைக்கு ஆட்சேபணை இல்லை. படப்பிடிப்பு முடிந்தால் வீடு காலி வீடுதான், அவர் கணக்கில் அது இடிக்க வேண்டியது. பிரித்துக்கொண்டு போவதற்கு ஆளும் அவர்களே கொண்டுவருகிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்.

மிஸ் வழக்கம்போல என்னிடம் வந்தாள். சட்டப்படி கேட்டாக வேண்டும்.

"அங்கிள், வீட்டப் பிரிச்சு எடுத்தா யார் மனசாவது நோகுமா?"

அத்தனை வாரமும் சொன்ன பதில் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இன்னும் ஒரு நாள் கிடைத்திருக்கும். ஒரு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நோகுங்க," என்றேன். "அக்காவுக்கு நோகும். அவங்களுக்கு இன்னும் சாவி வரல. போறதுக்கு எடமில்ல."

மிஸ் தன் கையிலிருந்த பலகைக் கணினியில் அதை எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்தாள். அவளுக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

"ஆன்ட்டிக்கு அக்கவுண்ட் இருக்கா அங்கிள்? எங்கயாவது எழுதுவாங்களா, வீடியோ போடுவாங்களா?"

"இல்லீங்க. பட்டன் போன்தான்."

"நீங்க?"

"நான் எழுதமாட்டேங்க."

அவள் மூச்சு விட்டாள். இருந்தாலும் நல்ல பிள்ளையாதலால் தலைமை ஆபீசுக்குக் கேட்டு எழுதினாள். ஒருவர் வருத்தப்படுவது சர்ச்சை ஆகாது என்றும், அந்த அம்மையாருக்கு எங்கள் அன்பைத் தெரிவிக்கவும் என்றும் பதில் வந்தது. அன்போடு கம்பெனி அடையாளம் போட்ட சுடுதண்ணீர்க் குப்பி ஒன்றும் கொடுத்தார்கள்.

பிரிக்க வந்தவர்கள் மரியாதையாகத்தான் பிரித்தார்கள். ஒவ்வொரு பலகையையும் துணியில் சுற்றினார்கள். அக்கா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவைக் கழற்றும்போது, அது மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், கீழ்ப்பக்கம் உதைத்தால்தான் திறக்கும் என்று அவர்களுக்குச் சொன்னார். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வீடு என்பதால் எங்கள் பக்கத்துச் சுவரை மட்டும் விட்டுவிட்டார்கள். கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றி வந்த லாரிகள் வரிசையாக நின்று வழிவிட, அக்காவின் வீடு லாரியில் ஏறி மலையிறங்கிப் போனது.

ஈப்போவில் ஒரு தங்கை மகள் இருக்கிறாளே என்று யாரோ சொன்னார்கள். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் சாவி வருகிற நாளில் பெயரை வேறொருவருக்கு மாற்றிவிடுவார்கள் என்றார் அக்கா. என் மனைவி அவர் பையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போனாள். ஓய்வு பெற்றவரை எங்களோடு வைத்துக்கொள்ளத் தோட்டத்தில் அனுமதி உண்டா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் மழை. அக்காவின் கட்டில் எங்கள் வாசலில் நுழையவில்லை. நானும் என் மனைவியும் அதன் கால்களைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் முன்னறையில் போட்டோம். பிறகு நான் வேலைக்குப் போனேன்.