இரட்டை வேக வாப்பா

சலாஹுதீன் அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேசியதைக் கீழக்கரையில் யாரும் கேட்டதில்லை. அவர் ஒரு சொல்லைச் சொல்லி அடுத்த சொல்லை எடுப்பதற்குள் சந்தில் ஒரு ஆட்டோ முன்னும் பின்னும் போய்த் திரும்பிவிடலாம். "மச்சான் ஸலாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தொழுகையே முடிஞ்சிரும்" என்று அவருடைய மச்சினன் இஃப்திகார் நிக்காஹ் அன்றைக்கே கேலியை ஆரம்பித்தான். இன்னும் நிறுத்தவில்லை. சலாஹுதீனிடமும் அதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் இஃப்திகார் அடுத்த தெருவில் இருப்பான்.

இதை ஒரு குறை என்று அவர் நினைத்ததே இல்லை. சார்ஜாவில் ஒரு லாண்ட்ரியில் அவருக்கு இஸ்திரி வேலை. அங்கே அந்த நிதானம்தான் சோறு போட்டது. அரபிகளின் வெள்ளை அங்கியில் காலர் ஓரம் ஒரு மடிப்புப் பிசகினாலும் திருப்பி முகத்தில் எறிவார்கள். சலாஹுதீன் தேய்த்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒரு துணியைக்கூட அவர் கருக்கியதும் இல்லை.

வாட்ஸ்அப்பில் நேரே முகம் பார்த்துப் பேச அந்த நாட்டில் தடை. அதனால் வேலைக்கு நடுவே, கஞ்சி பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, தேய்த்துக்கொண்டே மகள் சுஹாவுக்குத் தினமும் ஒரு கதை சொல்லி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எல்லாம் ஒரே பூனையைப் பற்றிய கதைதான். லாண்ட்ரியில் ஒற்றைக்காதுப் பூனை ஒன்று உண்டு. கவுண்டர் மேல் உட்கார்ந்து எல்லாரையும் முறைக்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜர் சாக்ஸ் திருடியது, மேனேஜர் வாடிக்கையாளர் டர்பனில் தூங்கியது என்று நாளுக்கு ஒன்று. "சுஹா விழுந்து விழுந்து சிரிக்கிறா" என்று மனைவி மாஷிதா பதில் போடுவாள். அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டு அவர் ஒரு மூட்டை துணியைத் தேய்த்துவிடுவார். தூரத்தில் இருந்தாலும் பிள்ளை மனசில் நாம் இருக்கிறோம் என்ற நிம்மதி.

கடைசியாக அவர் லீவு முடிந்து போனபோது சுஹா தவழ்ந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை வந்தபோது எல்.கே.ஜி. பையோடு வாசலில் நின்றாள்.

"சுஹா, யார் வந்திருக்காக பாரு!" என்றாள் மாஷிதா.

சலாஹுதீன் குனிந்து, சிரித்து, "அஸ்ஸலாமு... அலைக்கும்... சுஹாம்மா..." என்றார்.

பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தாள். அடுத்த வார்த்தைக்காகக் காத்துப் பார்த்தாள். அது வரவில்லை. உம்மாவின் பக்கம் திரும்பி, "இது வாப்பா இல்ல" என்றாள்.

"ஏய், வாப்பாதாண்டி!"

"வாப்பா இப்புடி இழுத்து இழுத்துப் பேச மாட்டாக" என்று உள்ளே ஓடி, உம்மாவின் போனை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா. இதுதான் வாப்பா."

சலாஹுதீன் பார்த்தார். அவர் முகம்தான். அவர் சட்டைதான். ஆனால் அந்த ஆளின் கையில் இஸ்திரிப்பெட்டி பறந்தது. தலை இப்படியும் அப்படியும் வெட்டியது. வாயிலிருந்து வார்த்தைகள் சோளம் பொரிகிற மாதிரி பொரிந்து விழுந்தன. மேனேஜர் கவுண்டரில் ஏறியது, சாக்ஸைக் கவ்வியது, ஓடியது, மாட்டியது, எல்லாம் ஒரே மூச்சில். சுஹா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன... இது... மாஷிதா?"

"டூ எக்ஸுங்க" என்றாள் மாஷிதா, கொஞ்சம் சங்கடத்தோடு. "வேகத்தைக் கூட்டி வச்சா இப்புடி ஓடும்."

விஷயம் இதுதான். மாஷிதா வீட்டிலேயே தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கிறாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்துச் சட்டியில் ஏற்றினால் இறக்கும்வரை துடுப்பிலிருந்து கையை எடுக்க முடியாது. அந்த நேரத்தில் பிள்ளை அடுப்படிக்கு வராமல் இருக்க வாப்பாவின் வீடியோவைப் போட்டுக் கொடுப்பாள். "நீங்க 'பூனை'ன்னு சொல்லிட்டு 'வந்துச்சு'ன்னு சொல்றதுக்குள்ள இவ எந்திரிச்சு அடுப்புக்கிட்ட வந்துர்றா. ஒரு நாளு வேகத்தைக் கூட்டிப் பாத்தேன். அசையாம உக்காந்து சிரிச்சா. அதோட அப்புடியே பழகிருச்சு."

சலாஹுதீன் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "நீயும்... அப்படித்தான்... கேப்பியா?"

மாஷிதா முந்தானையைச் சரிசெய்தாள். "சேச்சே" என்றாள். அப்புறம், பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், "ஒண்ணரைதான்" என்றாள்.

கீழக்கரையில் கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். லீவுக்கு வருகிறவர் அந்த வீட்டில் எப்போதும் பாதி விருந்தாளி. அது சலாஹுதீனுக்குப் பழகிய விஷயம். ஆனால் விருந்தாளியாக வந்த இடத்தில் தன் நாற்காலியில் தன்னைப் போலவே ஒருத்தன் உட்கார்ந்திருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவனை அவர் 'அவன்' என்றே நினைக்க ஆரம்பித்தார்.

அவனுக்குச் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் இடம். தலையணைக்குப் பக்கத்தில் இடம். சார்ஜாவில் கடை கடையாக ஏறி இறங்கி அவர் வாங்கிவந்த, கண் மூடித் திறக்கும் பொம்மையைச் சுஹா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் மனசு குளிர்ந்தது. மறுநிமிடம் அவள் போனிடம் ஓடி, "வாப்பா, எனக்குப் புதுப் பொம்மை! பாருங்க!" என்று காட்டினாள். அவனோ தலையைக்கூடத் திருப்பாமல் அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காசு போட்டவர் இங்கே நிற்க, காட்டுவது அவனுக்கு.

இஃப்திகார் இந்தச் சந்தோஷத்தை விடுவானா? "என்ன மச்சான், உங்களுக்குப் போட்டியா வீட்ல ஒரு ஆளு இருக்காப்ல? நல்ல மனுசன். சுறுசுறுப்பு. உங்களை மாதிரி இல்ல."

"நீ... ஒரு..." என்று சலாஹுதீன் ஆரம்பித்தார். இஃப்திகார் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

போட்டி என்று வந்துவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும். கடற்கரைப் பக்கம் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று வேகமாகப் பேசிப் பழகினார். வீட்டுக்கு வந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, "மேனேஜர்கவுண்டர்லஏறிசாக்ஸை" என்று ஒரே தள்ளாகத் தள்ளினார். அவருக்கு இருமல் வந்துவிட்டது. சுஹா உம்மாவிடம் போய், "அவுகளுக்கு என்ன செய்யுது?" என்று விசாரித்தாள்.

பேச்சுத்தான் வரவில்லை, கைத்தொழில் இருக்கிறதே. உறவில் ஒரு நிக்காஹுக்குப் போக சுஹாவின் ரோஸ் கவுனை அவரே தேய்க்க எடுத்தார். பிள்ளை முதல் தடவையாகத் தானாக வந்து மேசைப் பக்கத்தில் நின்றாள். "வாப்பா மாதிரித் தேய்ப்பியளா?"

அந்தக் கேள்விதான் அவரைக் கெடுத்தது. "பாரு" என்றார். பெட்டியை இங்கிருந்து அங்கே விரட்டினார், அங்கிருந்து இங்கே விரட்டினார். சுஹா வாயைத் திறந்து பார்த்தாள், சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார், துணியைப் பார்க்கவில்லை. நைலான் கருகும் நாற்றம் வந்தபோதுதான் குனிந்தார். கவுனின் கையில் முக்கோணமாக ஒரு ஓட்டை.

சுஹா அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். அழவில்லை. "எங்க வாப்பா தேச்சா கருகாது" என்று மட்டும் சொன்னாள்.

அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் மதியம் மாஷிதா கல்யாண ஆர்டர் ஒன்றுக்குப் பெரிய சட்டியை ஏற்றியிருந்தாள். போன் கூடத்தில் கிடந்தது. சலாஹுதீன் அதை எடுத்தார். ஒவ்வொரு வீடியோவாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்தார். அதையும் நிதானமாகத்தான் செய்தார். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதே. அழித்தார். திரை காலியானதும் அவருக்கு வந்த திருப்தி, பகையாளியை ஊரைவிட்டே விரட்டியவனுக்கு வருகிற திருப்தி.

அது பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரைதான் இருந்தது.

"உம்மா, வாப்பாவைக் காணோம்!" முதலில் தேடினாள். அப்புறம் போனை உலுக்கினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுவதுபோல அழுதாள். "வாப்பா போயிட்டாக... வாப்பா போயிட்டாக..."

வாப்பா அங்கே கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

மாஷிதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அழிச்சிட்டியளா?"

அவர் தலையாட்டினார்.

"யா அல்லாஹ்! ஊர்ல எவன் எவனைப் பாத்தோ பொறாமைப்படுவான். நீங்க உங்களைப் பாத்தேவா?" துடுப்பு நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. "நான் வர முடியாது. கையை எடுத்தா அடிப்பிடிச்சிரும், கல்யாண வீட்டுக்குப் பதில் சொல்ல ஏலாது. அழ வச்சது நீங்க. நீங்களே அமத்துங்க."

சலாஹுதீன் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மிட்டாய் எடுத்து நீட்டினார், தட்டிவிட்டாள். பொம்மையை நீட்டினார், அதுவும் பறந்தது. அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

"மேனேஜர்..." என்றார்.

அழுகை ஒரு நொடி நின்றது.

"ஒரு நாளு... கவுண்டர் மேல..."

"ஏறிக் குந்துச்சு!" என்றாள் சுஹா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவர் விட்ட இடைவெளி அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்ப... ஒரு அரபி..."

"சாக்ஸ் கொண்டாந்தாரு! கருப்பு சாக்ஸு! மேனேஜர் கவ்விட்டு ஓடுச்சு, முதலாளி தொரத்துனாரு, மெசினுக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிச்சு!" அவன் பேசுகிற அதே வேகத்தில் பிள்ளை கொட்டித் தீர்த்தாள். தான் சார்ஜாவில் இழுத்து இழுத்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் வாயிலிருந்து முழுசாக விழுவதைச் சலாஹுதீன் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

திடீரென்று அவள் நிறுத்தினாள். "ஏன் ஒரு சாக்ஸை மட்டும் எடுத்துச்சு? ரெண்டு இருந்துச்சுல்ல?"

போனிடம் இதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவன் காதில் விழாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவான்.

சலாஹுதீன் யோசித்தார். சந்தில் ஒரு ஆட்டோ திரும்புகிற அளவுக்கு யோசித்தார். சுஹா எழுந்து போகவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு... ஒரு குட்டிதான்... இருக்கு. ஒரு குட்டி படுக்க... ஒரு சாக்ஸு போதும்ல?"

"குட்டி இருக்கா?" பிள்ளையின் கண் விரிந்தது. "வீடியோவுல சொல்லவே இல்ல!"

"அவன்... அவசரக்காரன். விட்டுட்டான்."

"குட்டிக்கும் ஒரு காதுதானா?"

"ரெண்டு... இருக்கு."

"அப்ப அதோட உம்மாவுக்கு ஒண்ணைக் குடுக்கலாம்ல?"

இதற்கும் அவர் யோசிக்க வேண்டியிருந்தது. அவள் நகர்ந்து வந்து அவர் முழங்காலில் கை ஊன்றிக்கொண்டாள். மாஷிதா சட்டியை இறக்கித் தட்டில் கொட்டி ஆறவைத்த பிறகும் கேள்வி ஓயவில்லை. உள்ளேயிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை வேகம் இல்லை, சாதா வேகம்.

மிச்ச லீவு நாளெல்லாம் சலாஹுதீன் ராஜா. ஆனால் லீவு என்றால் முடியும்.

கிளம்புகிற அன்று மாஷிதா கேட்டாள், "நீங்க போனதும் இவ கேப்பாளே. என்னத்தைக் காட்ட?"

வீடியோக்கள் எல்லாம் அவர் அனுப்பியவைதானே. அவருடைய போனில் பத்திரமாக இருந்தன. இதை அவர் அழித்த அன்றைக்கே நினைத்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாஷிதாவுக்கு அனுப்பினார். தன் கையாலேயே அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. இவர் இன்னும் விமானம் ஏறவில்லை. அதற்குள் அவன் கீழக்கரைக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

வரிசையில் நின்றபோது, இஃப்திகாரின் போனிலிருந்து மாஷிதா அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதில் வைத்தார். அவன் குரல் பொரிந்துகொண்டிருந்தது. சுஹா சிரித்துக்கொண்டிருந்தாள். சலாஹுதீன் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

அப்புறம் சிரிப்பு நின்றது. "வாப்பா, அந்தக் குட்டி எங்க?" என்று சுஹா கேட்பது கேட்டது. அவன் ஓடிக்கொண்டே இருந்தான். "வாப்பா! குட்டி எங்கன்னு கேக்குறேன்ல!" அவன் நிற்கவில்லை.

"உம்மா, இவுக கேட்டாச் சொல்ல மாட்டேங்குறாக. மத்த வாப்பாவுக்குப் போன் போடு."

மெசேஜ் முடிந்த கையோடு போன் அடித்தது.

"சார், கொஞ்சம் சீக்கிரம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

சலாஹுதீன் ஒரு கையைத் தூக்கி அவளைப் பொறுக்கச் சொன்னார். மறுகையில் போனைக் காதில் வைத்தார்.

"வாப்பா, குட்டி இப்ப என்ன செய்யுது?"

பின்னால் நின்றவர்கள் பெட்டியை உருட்டி முட்டினார்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தார்.