தறிக்குழியில் பாட்டு இல்லை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. பவானிப் பக்கம் ஜமுக்காளம் நெய்யும் குடும்பத்தில் பிறந்தார்கள். ஒன்பது வயதில் பள்ளியை நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிட்டார்கள். தறிக்கு அடியில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்கக் கையை ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். மணமாகிக் காரைக்கால் கோவில்பத்துக்கு வந்தபோது இருபது வயது. முழங்கால் வலியும் கூடவே வந்தது. அப்பா மறைந்தபின் இட்லிக் கடை வைத்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள்.

என் மகளுக்கு ஒரு படக்கதை வாங்கி வந்து வாசித்தேன். அதில் ஒரு சிறுமி பாடிக்கொண்டே கம்பளம் நெய்கிறாள். கிளிகள் நிறம் கொண்டுவந்து கொடுக்கின்றன. கடைசியில் கம்பளம் அவளோடு பறக்கிறது.

"கிளியா குடுத்துச்சு? சாயத்துல முக்கி முக்கி எங்கம்மா கையி வெந்து கெடந்துச்சு. எழுதுனவரு ஒருநாளாவது குழியில எறங்குனாரான்னு கேளு" என்றார்கள் அம்மா.

அந்த எழுத்தாளரே ஒரு பள்ளிக்குக் கதை சொல்ல வந்தார். அம்மா ஆட்டோ பிடிக்கச் சொன்னார்கள். கண்காட்சியில் வாங்கிய பொம்மைத் தறியைக் காட்டி, "இது நெசவாளியின் வீணை" என்றார் அவர். முடிந்ததும் அம்மா எழுந்தார்கள்.

"ஐயா, நான் தறியில உக்காந்தவ. அங்க யாரும் பாட மாட்டாங்க. தூசு தொண்டைய அடைச்சுக்கும். அதயும் எழுதுங்க."

அவர் சிரித்தார். "இது குழந்தைங்களுக்கான கதைம்மா. கஷ்டத்தையெல்லாம் அவங்ககிட்ட சொல்லலாமா?"

"எனக்கு அப்ப ஒன்பது வயசுங்க."

அவர் செல்பேசியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு படம் பிடிக்க வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புத்தகம் மறுபதிப்பும் வந்துவிட்டது. ஒரு வரியும் மாறவில்லை. தறியைத் தொட்டறியாத அந்தக் கைக்கு விருதும் கிடைக்கும். வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசி மூன்று மாதம் அம்மா படுக்கையில் இருந்தார்கள். ஒரு காலையில் தம்பியை அழைத்து, "நான் போனப்பறம் வர்றவங்களுக்கு ஜமுக்காளம் விரிக்காதீங்க. எந்தப் புள்ள நெய்ஞ்சதோ. அதும்மேல ஒக்காந்து எனக்காக அழ வேணாம்" என்றார்கள்.

அப்படியே செய்தோம். நாற்காலி தந்த பக்கத்து வீட்டாருக்கும், வெறுந்தரையில் அமர்ந்த பெரியவர்களுக்கும், காரணம் கேட்காமல் வெயிலில் நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

— மகள்