முன்பதிவு செய்த சாட்சி

“அம்மணி, கர்த்தர் உனக்கு என்ன செஞ்சிருக்காரு, சொல்லு பாக்கலாம்?”

கமாலியேல் மாமா இதைக் கேட்டபோது, பிளஸ் டூ முடித்து மூன்று மாதமாக வீட்டில் இருந்தேன். கூடப் படித்த மேக்னா கல்லூரிக்குப் போய், தினமும் ஒரு புது சுடிதாரில் ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்ல அவசரமாக ஒரு சாட்சி தேவைப்பட்டது. என்னிடம் இருந்தால் இரவல் வாங்கலாம் என்று வந்திருந்தார்.

போத்தனூரில் எங்கள் எதிர்வீடு அவருடையது. வெட் கிரைண்டர் ரிப்பேர் செய்வார். சத்தத்தைக் கேட்டே பெல்ட் போச்சா, பேரிங் போச்சா என்று சொல்லிவிடுவார். இது அவருக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. காரணம், ரூபன் அங்கிள்.

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் மைக்கில் சொல்லலாம். ரூபன் அங்கிள் வாராவாரம் எழுந்திருப்பார். ஒரு வாரம் மகனுக்குக் கனடா விசா. அடுத்த வாரம் புது கார். அதற்கடுத்த வாரம் லாரி உரசியும் அந்தக் காரில் ஒரு கீறல்கூட இல்லை. சபையே “ஆமென்!” என்று அதிரும். பிறகு மாமா எழுந்து, “உக்கடம் பஸ் நின்னு ஏத்திக்கிட்டுப் போச்சுங்க, ஸ்தோத்திரம்” என்பார். யாரோ ஒருவர் இருமுவார்.

“கர்த்தருக்கு ரூபன் ஊட்டு வழி மட்டுந்தான் தெரியுமாட்ட இருக்குதுங்க” என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த இரண்டு ஞாயிறு சபைக்கு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தார். நேராக மைக்கைப் பிடித்தார். “அடுத்த வாரம் ஒரு பெரிய சாட்சி சொல்றேனுங்க. எல்லாருந் தவறாம வந்துருங்க!”

“ஆமென்!” என்று கூரை அதிர்ந்தது. நடக்காத அற்புதத்துக்கு மாமா முன்பதிவு செய்துவிட்டார்.

திங்கட்கிழமைதான் என்னிடம் இரவல் கேட்டார். செவ்வாய்க்கிழமை தன் வீட்டுத் தென்னை மரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க?” என்றார் அவர் மனைவி செவ்வந்தி அத்தை.

“தேங்கா மயிரிழைல தள்ளி உழுகோணும். அதான் சாட்சி.”

“தள்ளி உழுகாம தலைமேலயே உழுந்துட்டா?”

“அப்ப சாட்சியை நீ சொல்லிப்போடு.”

புதன்கிழமை, தெருமுனையில் தபால்காரரையே இரண்டு முறை கடித்த நாயின் முன்னால் மூன்று தடவை நடந்தார். நாய் கொட்டாவி விட்டது.

சனிக்கிழமை, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த எங்கள் கிரைண்டரை வாங்கப் போனேன். மாமா கண்ணை மூடி முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். “ஆண்டவரே, ரூபனுக்குக் காரு குடுத்தீங்க. ரூபன் பையனுக்கு விசா குடுத்தீங்க. ரூபன் ஊட்டுல ஏசி போட்டுக் குடுத்தீங்க...” பத்து நிமிடம் ஓடியது. அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, ரூபனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“ஏன், நல்லாத்தானே இருக்காரு?”

“இல்ல, அவருக்காகவே ஜெபம் பண்றீங்களே. உங்க பேரு ஒருக்காகூட வரலீங்களே!”

மாமா கண் திறந்து அத்தையைப் பார்த்தார். மறுபடி மூடினார். “ஆண்டவரே, நான் கமாலியேல் பேசறேனுங்க. போத்தனூரு, கிரைண்டர் ரிப்பேரு...” அங்கேயே நின்றுவிட்டார். படைத்தவரிடமே விலாசம் சொல்லிக்கொண்டிருப்பது அவருக்கே சிரிப்பாக வந்துவிட்டது. சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். “உங்ககிட்ட வந்து நின்னுக்கிட்டு, இத்தன நாளா அவரையே பாத்துப்போட்டேனுங்க. மன்னிச்சுருங்க.”

கிரைண்டரைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் தோசை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்துவிட்டது. பெரிய சாட்சி என்று கேள்விப்பட்டு மதுக்கரையிலிருந்துகூட ஒரு வேன் வந்திருந்தது. மாமா மைக்கைப் பிடித்தார்.

“இந்த வாரம் ஒண்ணுமே நடக்கலீங்க.”

வேனில் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தேங்கா உழுகலீங்க. நாயி கடிக்கலீங்க. ரூபனுக்கு நடக்கறது எனக்கு நடக்கலையேன்னு அங்கயே பாத்துப் பாத்து எனக்குக் கழுத்துதான் சுளுக்கிக்கிச்சு. நேத்து ஜெபம் பண்றப்பதான், ஆண்டவருக்கு என்னையுந் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுது. அவ்வளவுதானுங்க சாட்சி. வேன் புடிச்சு வந்தவங்க மன்னிச்சுருங்க.”

முதலில் போதகர் சிரித்தார். பிறகு மொத்தச் சபையும். ஆனால் முதல் “ஆமென்” ரூபன் அங்கிளுடையது. வெளியே வந்ததும் அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களாட்ட ‘ஒண்ணும் நடக்கலை’ன்னு ஒரு வாரமாச்சும் சொல்லோணும்னு எனக்கும் ஆசைங்க. வாராவாரம் புதுசுக்கு நான் எங்கங்க போவேன்?”

“நம்ம தென்ன மரத்தடியில சேர் காலியாத்தான் இருக்குதுங்க” என்றார் மாமா.

நான் இன்னும் கல்லூரியில் சேரவில்லை. மேக்னாவின் ஸ்டேட்டஸை இப்போதும் பார்க்கிறேன். ஆனால் காலையில் ஜெபத்தில் முதலில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அவள் சுடிதார் அவ்வளவாக உறுத்துவதில்லை. சில நாள் நன்றாக இருக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது. மாமா அன்று கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தே கழுத்து சுளுக்கியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். மாமாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். தேங்காய் விழுந்ததாக மட்டும் யாரும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாதாம்.