பெட்ரீசியாவும் தங்கப் பல் கார்டும்

தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு முடிந்தது என் படிப்பு. ஆனால் ஈப்போவில் நான் வைத்த கேட் இல்லாத தெருவை யாராவது காட்டட்டும், பார்க்கலாம். ஒரு வெல்டிங் கம்பியோடு தொடங்கிய பத்துமலை கிரில் கடையில் எண்பத்தேழாம் ஆண்டில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேரையும் அதட்டியவன் நான். என்னை அதட்டியவள் ஒருத்தி. அவள்தான் கணக்கும் கடிதமும் பார்த்த என் கிராணி பெட்ரீசியா.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டில் வேலை பார்த்தவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்துவிட்டு டைப்பிங் படித்து, எழுபத்தொன்பதில் என்னிடம் வந்தாள். முதல் நாளே என் பெயர்ப் பலகையைப் பார்த்து, “அண்ணே, டெலிபோன் நம்பர்ல ஒரு எண் கொறையுது. இத்தன நாளு யாரும் கூப்பிடலையா?” என்று கேட்டாள். அன்றே வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடத் தெரிந்தவன் நான்.

கேட் படங்களைக் கையால் வரைந்து கொடுத்தால் வீடு கட்டும் குத்தகைக்காரர்கள் மதிக்காத காலம் வந்தது. பெட்ரீசியா சொல்லித்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன். அதில் இருந்த கார்டு எழுத்தை மட்டும் காட்டும். படம் வரைய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்று தனியாகத் தருவித்தாள். அதோடு ஒரு பிளாப்பியும் வந்தது. அதில் டிரைவர் இருக்கிறதாம்.

“அது என்னா செய்யும்?”

“தொர சொல்றத கங்காணி நமக்கு வெளங்குற மாதிரி சொல்வாருல்ல, அது மாதிரிதாண்ணே. படம் வரையிற புரோகிராம் தொர. கார்டு தொழிலாளி. நடுவுல இது கங்காணி.”

இப்படிச் சொன்னால் எனக்கு உடனே புரியும். படித்தவர்கள் பலருக்கு இப்படிச் சொல்லத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நானே கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி, பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். “கைய வைக்காதீங்கண்ணே, நான் வச்சிக்கிறேன்” என்று அவள் கெஞ்சினாள். “இரும்புப் பெட்டிய தொறக்க எனக்கு நீ சொல்லித் தரியா?” என்று அமுக்கினேன். நன்றாகவே உட்கார்ந்தது.

எழுத்து வந்தது. படம் வரவில்லை. கேட் வரவேண்டிய இடத்தில் கோடுகோடாக மழை பெய்தது. பெட்ரீசியா டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினாள். புத்தகத்தை வரிவரியாகப் படித்தாள். புரோகிராமில் கார்டின் வகையை மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு வாரம் போயிற்று. நாற்பது வீட்டு கேட் படங்கள் திங்கட்கிழமை குத்தகைக்காரர் கைக்குப் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் பொறுமையிழந்தேன். “ஒன் பேச்சக் கேட்டு வாங்குனேன் பாரு! தெரியாத வேலைய ஏன் இழுத்துப் போட்ட?”

அவள் தன் மேசைக்குப் போனாள். டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகித் தட்டினாள். ராஜினாமாக் கடிதம். என் மேசையில் வைத்தாள். “நாளைக்கு ஒரு மணி வரைக்கும் டைம் குடுங்கண்ணே. படம் வரலன்னா தேதி போட்டுக்குங்க. கம்ப்யூட்டரயும் திருப்பி அனுப்பிடுங்க.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அன்று வீட்டில் என் மனைவி வீரம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் மோட்டார் சைக்கிளில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். அங்கே வேலை செய்யும் ஜெயபாலனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“என்னா அக்கா, இன்னுமா முடியல? பிளாப்பிய ரோசாக் ஆக்கிட்டீங்களா, கெடுத்துட்டீங்களா?”

“ஒன் மிஷின்ல போட்டுப் பாரு. அப்பறம் பேசு.”

போட்டான். அவன் கடையில் அதே வகைக் கார்டு. அதில் படம் பளிச்சென்று வந்தது. ஆக டிரைவர் மேல் தப்பு இல்லை. அடுத்து, அவனுடைய கார்டை இரவலாக வாங்கி வந்து எங்கள் மிஷினில் செருகினாள். அதிலும் படம் வந்தது. ஆக மிஷின் மேலும் தப்பு இல்லை. மணி பன்னிரண்டேகால்.

“தொர சரியா சொல்றாரு. கங்காணியும் சரியா சொல்றாரு” என்று முணுமுணுத்தபடி எங்கள் கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

“அண்ணே, இங்க வாங்க. பூஜைல இதுக்குச் சந்தனம் வச்சது யாரு?”

கார்டின் அடி விளிம்பில், மிஷினுக்குள் செருகும் இடத்தில், தங்க நிறத்தில் பல் வரிசை இருக்கும். அந்தப் பற்களின் மேல் மூன்று இடத்தில் சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. மேலே குங்குமம் வேறு.

வெல்டிங் மிஷின், கிரைண்டர், லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன் நான்தான். கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, இருப்பதிலேயே மங்களமான இடம் எது என்று தேடி, தங்கத்தில் வைத்தேன். பூஜைத் தட்டை ஏந்தி நின்றவள் இவள்தான். சாம்பிராணிப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. மறுநாள் செருகும்போதும் அவளைத் தொடவிடவில்லை.

“மின்சாரம் போற வழிண்ணே இது. நீங்க வழிய மறிச்சி பொட்டு வச்சிட்டீங்க.”

“பெயிண்ட் தின்னர் எடுத்து வரவா?”

“ஐயோ, நீங்க ஒண்ணும் எடுக்காதீங்க. ஒக்காருங்க.”

பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். “ரப்பர்ல வளந்த குடும்பம்லா நாங்க” என்று தனக்குத் தானே சிரித்தாள். துணியில் துடைத்துச் செருகினாள். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரையில் என் கேட் வந்து நின்றது. இரண்டு மயில், நடுவில் தாமரை. ஒரு கோடு பிசகவில்லை.

அவள் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள். “தப்பு செஞ்சவங்க கையெழுத்துப் போடணும். போடுங்கண்ணே.”

வாழ்க்கையில் ஒருவர் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை. அன்று குனிந்தேன். கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

அப்போது டெலிபோன் அடித்தது. அவள் எடுத்தாள். ஜெயபாலன். என்ன கோளாறு என்று கேட்டிருக்கிறான். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல தம்பி. நான்தான் கார்ட சரியா அமுக்காம விட்டுட்டேன்.”

அதற்குப் பிறகு அவன் எங்கே பார்த்தாலும் “அமுக்கத் தெரியாத அக்கா” என்றுதான் கூப்பிடுவான். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஜெயபாலா, இதை நீ படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். அமுக்கியவன் நான். சந்தனம் வைத்தவனும் நான்.

மறு ஆண்டு பூஜையில் நான் சந்தனக் கிண்ணத்தோடு அறைக்குள் போனபோது, அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

“மூடி மேல ஒண்ணு. அதுவும் சின்னதா.”

சின்னதாகத்தான் வைத்தேன்.