உரிமையாளர் பெயர்: குற்றாலநாதர்

மேலகரம் கைலாசத்துக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது, ஊர்வம்பு கூட அளவோடுதான். ஆனால் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய் அருவியைப் பார்த்துவிட்டு வராவிட்டால் மனுஷனுக்கு அன்றைக்குக் காப்பி இறங்காது. முதலில் மெயினருவி, அங்கிருந்து ஐந்தருவி, திரும்பும்போது பழைய அருவி. மூன்றையும் கண்ணால் பார்த்து, வீட்டுக்கு வந்து, ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதுவார்.

“மெயினருவி: நன்றாக விழுகிறது, கூட்டம் குறைவு. ஐந்தருவி: மூன்று கிளையில்தான் தண்ணீர். பழைய அருவி: போலீஸ் தடை. போகாதீர்கள்.”

அவ்வளவுதான் அவருடைய இணையதளம். ‘தண்ணிவிழுதா டாட் காம்’. படம் கிடையாது, பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையவே கிடையாது. அடியில் அவருடைய போன் நம்பர் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்த காலத்தில் தொடங்கியது, ரிட்டயர் ஆனபிறகும் ஓடுகிறது. சாரல் காலம் வந்துவிட்டால் சிவகிரியிலிருந்தும் வீரகேரளம்புதூரிலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கும். “தண்ணி அண்ணாச்சியா? இன்னிக்கு வரலாமா?” என்பார்கள். அண்ணாச்சியின் பெயர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

“அருவிக்கு வாட்ச்மேன். சம்பளமில்லாத உத்தியோகம்” என்பாள் மனைவி உமா மகேஸ்வரி. சொல்லிக்கொண்டேதான் காய்ந்த துண்டை எடுத்து நீட்டுவாள். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது, பக்கத்து வீட்டு ஆட்டோவில் போய் மூன்று அருவியையும் பார்த்துவிட்டு வந்து சொன்னவளும் அவளேதான். அதை வெளியே சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

கைலாசத்துக்குப் பிடிவாதம் ஒன்று உண்டு. பார்க்காததை எழுத மாட்டார். லாட்ஜ்காரர்கள் எத்தனையோ பேர் வந்து, “கூட்டம் வரட்டும் அண்ணாச்சி, நல்லா விழுதுன்னு ஒரு வரி போட்டாத்தான் என்ன?” என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் கையால் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அந்த நாலு வரியை நம்பி ஜனம் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பி வருகிறதே என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

இனி அவருடைய தவறைச் சொல்ல வேண்டும். இந்தத் தவறை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான்.

அவர்கள் குடும்பத்தில் எது புதிதாக வாங்கினாலும் முதலில் குற்றாலநாதர் பெயரில்தான் எழுதுவார்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சைக்கிள் வாங்கினாலும் பில் சாமி பெயரில், பம்புசெட் வாங்கினாலும் சாமி பெயரில். பிரிட்ஜ் வாங்கியபோது வாரண்டி கார்டிலும் அதையே எழுதிவிட்டார்கள். ஒருநாள் அது மக்கர் பண்ண, கம்பெனி மெக்கானிக் வாசலில் வந்து நின்று, “குற்றாலநாதர் சார் இருக்காங்களா?” என்று கேட்டான். உமா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தளத்துக்குப் பெயர் பதிய, தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பாத்திமுத்துவிடம் போனார். அவள் படிவத்தைத் திறந்து, “உரிமையாளர் பேரு என்ன போட அண்ணாச்சி?” என்றாள்.

“நம்ம பேரு என்னத்துக்கு தாயி? குற்றாலநாதர்னு போடு.”

பாத்திமுத்து ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பெரிய மனுஷர் சொல்கிறார், சாமி காரியம், நாம் மறுத்துப் பேசுவானேன் என்று அப்படியே அடித்துவிட்டாள். போன் நம்பர் மட்டும் கைலாசத்துடையது.

பெயர் பதிந்து கொடுத்தது ஒரு பெங்களூர்க் கம்பெனி. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஓசியில் விளம்பரம் தேடிக்கொடுக்க எனக்கு மனசில்லை. வருடா வருடம் கைலாசத்தின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, இந்த வருடம் ‘புதிய திட்டத்துக்கு மாற்றுகிறோம்’ என்று என்னவோ செய்து, அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. ஒரு கடிதம் உண்டா, ஒரு போன் உண்டா? மூச்சு விடவில்லை. ஏப்ரல் கடைசியில் கெடு முடிந்தது. முடிந்த மறுநாளே தளத்தைப் பிடுங்கி, அந்த இடத்தில் லாட்ஜ் விளம்பரங்களை அடுக்கிவிட்டார்கள். பாவிகள்!

எழுதுகிற திரை மட்டும் வழக்கம்போலத் திறந்துகொண்டிருந்ததால், கைலாசத்துக்கு இது தெரியவந்ததே வருஷாவருஷம் கூப்பிடுகிற ஒரு ராஜபாளையத்துக்காரர் போனில் திட்டியபோதுதான்.

“என்ன அண்ணாச்சி, ஒங்கள நம்பித்தான ஒங்க வெப்சைட்டுல ரூம் போட்டோம். வந்து பாத்தா அந்த அட்ரஸ்ல லாட்ஜே இல்ல. குடும்பத்தோட ரோட்டுல நிக்கோம். ஒங்களுக்கு இதுல எவ்வளவு கமிஷன்?”

அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கைலாசம் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, தெரிந்த இடத்தில் அறை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

“கமிஷன்னு கேட்டுட்டான் ஏட்டி” என்றார். உமாவுக்கு அந்த ஆள் மேல் வந்த கோபத்தில் பாத்திரங்கள் எல்லாம் சத்தம் போட்டன.

மறுநாளே பாத்திமுத்துவின் கடைக்குப் போனார்கள். பாத்திமுத்து விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பென்ஷன் மனுவோ பட்டா மனுவோ, அவள் எழுதினால் பதில் வராமல் இருக்காது. அவள் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று பதில் வந்தது. ஒன்றும் தீரவில்லை. மறுபடி எழுதினாள். மறுபடியும் ‘தீர்க்கப்பட்டது’. மூன்றாம் தடவை, பெயரை மீட்க வழக்கமான கட்டணத்தைப் போல எட்டு மடங்கு கேட்டார்கள். கைலாசம் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டு சாவகாசமாக அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ‘பெயரைத் திரும்ப ஒப்படைக்க, உரிமையாளர் திரு. குற்றாலநாதர் அவர்களின் புகைப்பட அடையாள அட்டையை அனுப்பவும்.’

பாத்திமுத்து அதை வாசித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கைலாசத்துக்குப் புரியவில்லை.

“அண்ணாச்சி, அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்” என்றாள்.

“நீ என்ன செய்வ தாயி? எல்லாம் என் புத்தி.”

பணம் கட்டிய வங்கி ரசீதை அனுப்பியதற்கு, பணம் கட்டியவர் உரிமையாளர் ஆகமாட்டார் என்று பதில் வந்தது. மே மாதம் பாதி கழிந்தது. அந்த வாரம் ஆய்க்குடியிலிருந்து சிவனணைந்தபெருமாள் போன் செய்தார். நடக்க முடியாத பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கிற ஓர் இல்லத்தில் வார்டன் அவர். ஒவ்வொரு சாரலுக்கும் ஒரே ஒரு நாள் பிள்ளைகளைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். தண்ணீர் மெலிசாக விழ வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது, தரை வழுக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் அமைந்தால் கைலாசம் தளத்தில் கூடுதலாக ஒரு வரி எழுதுவார்: “சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஏற்ற நாள்.” அந்த வரிக்காகப் பிள்ளைகள் ஜூன் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

“அண்ணாச்சி, இப்பம் திறந்தா என்னென்னமோ விளம்பரமா வருது. இந்த வருசம் எழுதுவீகளா மாட்டீகளா? புள்ளைக கேட்டுக்கிட்டே இருக்கு” என்றார் சிவனணைந்தபெருமாள்.

“எழுதுவேன்” என்றார் கைலாசம். சொல்லிவிட்டாரே தவிர எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு ஆளுக்குப் போனில் சொல்லிவிடலாம். அந்த விளம்பரப் பக்கத்தைத் தன் பக்கம் என்று நம்பித் திறக்கிற மற்றவர்களுக்கு யார் சொல்வது? சாரல் தொடங்க இருபது நாள்கூட இல்லை.

இதைக் கேட்ட பாத்திமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கைலாசத்தின் போனை வாங்கி, அதில் வழக்கமாகக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லி, “இந்த ஆள் யார்னு கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க” என்று கேட்டாள். ஒரே வாரத்தில் அறுபத்தியொரு கடிதம் குவிந்தது. ராஜபாளையத்துக்காரரும் எழுதியிருந்தார். தான் கமிஷன் என்று கேட்டது தப்பு என்றும், அந்த மனுஷர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அறை எடுத்துக் கொடுத்தார் என்றும் எழுதியிருந்தார். அதைப் பாத்திமுத்து வாசித்தபோது கைலாசம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

கம்பெனி அதற்கும் ஒரு நொட்டை கண்டுபிடித்தது. ‘கடிதங்கள் அனைத்தும் தண்ணி அண்ணாச்சி என்பவரைப் பற்றியே உள்ளன. கைலாசம் என்ற பெயர் ஒன்றில்கூட இல்லை.’

வாஸ்தவம்தான். பதினோரு வருடம் பெயரைச் சொல்லாமல் இருந்த மனுஷருடைய பெயர் யாருக்குத் தெரியும்?

பாத்திமுத்து அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் கடையைச் சாத்தவில்லை. நுகர்வோர் புகார்த் தளத்துக்கு ஒன்றும் கம்பெனியின் மேலதிகாரிக்கு ஒன்றுமாக ஒரே கடிதத்தை எழுதினாள்.

“எங்கள் ஊர்ச் சாமிக்கு வயல் உண்டு, தோப்பு உண்டு, ஆதார் கார்டு கிடையாது. அவர் பெயரில் பதினோரு வருடம் பில் போட்டுப் பணம் வாங்கினீர்கள். ஒரு தடவையாவது அடையாள அட்டை கேட்டீர்களா? அறிவிக்காமல் பெயரைப் பிடுங்கி, எட்டு மடங்கும் வாங்கிக்கொண்ட பிறகு கேட்கிறீர்கள். உங்கள் பதிவேட்டில் உரிமையாளர் பெயருக்குக் கீழே ஒரு போன் நம்பர் இருக்கிறது. அதில் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்கிறவர்தான் அந்தத் தளத்தின் சொந்தக்காரர். வேறு அத்தாட்சி எங்களிடம் இல்லை.”

இப்படி எழுதியதைக் கைலாசத்திடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் பதறிப்போவார்.

ஜூன் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு கைலாசத்துக்குப் போன் வந்தது. யாரோ ஒரு பெண், திக்கித் திக்கித் தமிழ் பேசினாள்.

“சார், நான் பெங்களூர்லேருந்து…”

“பெங்களூரா? அவ்வளவு தூரத்துலேருந்து இப்பம் கிளம்பாதீங்கம்மா” என்று கைலாசம் ஆரம்பித்துவிட்டார். “தண்ணி இன்னும் விழல. மெயினருவியில பாறையில சொட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். காலையிலதான் பாத்துட்டு வாரேன். மலையில மேகம் கட்டியிருக்கு, செங்கோட்டைப் பக்கம் காத்து குளுந்து வருது. நாலு நாள் பொறுத்து வாங்க. கூடச் சின்னப்புள்ளைக உண்டுமா? இருந்தா காலையிலயே குளிச்சிருங்க, மத்தியானம் கூட்டம் நெரிக்கும். அப்புறம், என் வெப்சைட்டுல லாட்ஜ் விளம்பரம் வருது, அத நம்பிப் பணம் கட்டிராதீங்க தாயி. அது நான் போட்டதில்ல. சாமி சத்தியமா நான் போடல.”

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“சரி சார்” என்றாள் அந்தப் பெண். “உங்க பேர் என்ன சார்?”

“கைலாசம், தாயி.”

“தேங்க் யூ, கைலாசம் சார். வெரிஃபிகேஷன் முடிஞ்சது.”

என்ன முடிந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை. பாத்திமுத்து சாயங்காலம் போனில் கத்திச் சொன்ன பிறகுதான் விளங்கியது. பெயர் திரும்பி வந்துவிட்டது! கூடுதலாக வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தருகிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனை, உரிமையாளர் இடத்தில் ஆதாரில் உள்ள பெயர் இருக்க வேண்டும்.

மறுநாள் கடையில் அந்தக் கட்டத்துக்கு முன்னால் கைலாசம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாமி பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. உடன் வந்த உமாதான் சொன்னாள். “பதினோரு வருசமா வெயில்லயும் மழையிலயும் போய்ப் பாத்துட்டு வந்தது சாமியா, நீங்களா? சாமி அங்கனயேதான இருக்காரு. அவரு எதுக்குப் போய்ப் பாக்கணும்? எழுதுங்க.”

எழுதினார். அங்கிருந்து நேராகக் குற்றாலம் போய், குற்றாலநாதர் சன்னதியில் நின்று, “கோவிச்சுக்கிடாதீரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

ஜூன் ஆறாம் தேதி காலையில் சாரல் தொடங்கியது. மூன்று அருவியையும் பார்த்துவிட்டு நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தார் கைலாசம். மெயினருவி எழுதினார், ஐந்தருவி எழுதினார், பழைய அருவி எழுதினார். சக்கர நாற்காலி வரியையும் எழுதினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, இதுவரை எழுதாத ஒன்றை அடியில் எழுதினார்: “பார்த்தவர்: கைலாசம், மேலகரம்.”

துண்டோடு பின்னால் நின்ற உமா அதை வாய்விட்டு வாசித்தாள். பிறகு அவர் தலையை அவளே துவட்டிவிட்டாள்.

காப்பி வருவதற்குள் போன் அடித்தது. ஆய்க்குடி நம்பர். பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல் காதைத் துளைத்தது.

“கைலாசம் அண்ணாச்சி!” என்றார் சிவனணைந்தபெருமாள். “புள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?”

பதினோரு வருடத்தில் அருவியை விசாரிக்கிறவர்களில் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

“வாங்க” என்றார். “நான் அங்கனதான் நிப்பேன்.”

காப்பியை மறந்துவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். அது ஏற்கெனவே உமாவின் கையில் இருந்தது.

“நானும் வாரேன்” என்றாள்.